பின்வரிசையில் மூன்றாவது

12.2.2001, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டய்யா போன் செய்தார். வேலாயிபுரத்தில் ஒரு கொலை. பல் விளக்கியதோடு சரி, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். வண்டி வழக்கம்போல ஏற்றத்தில் நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிய பிறகுதான் மனசு வைத்தது. இந்த டிவிஎஸ் ஐம்பதை விற்கச் சொல்லி சகாயமேரி மூன்று வருடமாகச் சொல்கிறாள். வாங்குவதற்கும் ஒருவன் வேண்டுமே.

செத்தவள் பெயர் ராமுத்தாய், வயது இருபத்தொன்பது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கட்டுப் போடும் வேலை. புருஷன் பழனிச்சாமி விடியற்காலையில் அரிவாளால் வெட்டிவிட்டு அவனே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். ஒரே பெண் பிள்ளை, நான்காம் வகுப்பு. இன்ஸ்பெக்டர் "குடும்பத் தகராறு" என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதுரைக்குப் பேசினேன். செய்தி ஆசிரியர் கந்தவேல் சார் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

"குடும்பத் தகராறுன்னா உள்பக்கத்துல நாலு வரி அருளப்பன். வேற கோணம் ஏதும் இருக்கா?"

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்துக் கோணத்தையும் சொன்னேன். அவர் குரலில் தூக்கம் போய்விட்டது.

"அப்ப முதல் பக்கம். படம் வேணும். முகம் தெளிவா இருக்கணும். ரேஷன் கார்டுல கிழிச்சதையெல்லாம் அனுப்பிராதீங்க."

சாவு வீட்டில் படம் வாங்குவது இந்தத் தொழிலில் தனி வித்தை. பதினெட்டு வருடத்தில் நான் வெறுங்கையோடு திரும்பியது இரண்டே தடவை. சற்றுச் சாமர்த்தியமாகப் பேசினேன். ராமுத்தாயின் அம்மா வெள்ளையம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு குரூப் போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். மகளிர் குழு, பேங்கில் கடன் வாங்கிய அன்று எடுத்தது. பதினான்கு பெண்கள், இரண்டு வரிசை, எல்லோருக்கும் ஒரே நீலச் சேலை. வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான். மகள் எது என்று காட்டச் சொன்னேன், காட்டினாள். எந்த வரிசை, எத்தனையாவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டி, கவருக்குள் போட்டு, ஒன்பது நாற்பது மதுரை பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன். அங்கே பஸ் ஸ்டாண்டில் நம் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். செய்தியை போனில் சொல்லிவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு நம் மாலைப் பேப்பர்க் கட்டு வந்தது. முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்குப் படம். டீக்கடையில் தொங்கிய போஸ்டரில் "கள்ளக்காதல் விபரீதம்: இளம்பெண் வெட்டிக்கொலை, கணவன் வெறிச்செயல்". ஏழு மணிக்குள் ஒரு பேப்பர் மிச்சமில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். அதற்கு மட்டும் வீட்டில் திட்டு.

13.2.2001, செவ்வாய்

ஏஜெண்டு நூறு பிரதி கூடுதலாகக் கேட்டிருக்கிறார். மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று.

14.2.2001, புதன்

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் ஒரு பெண் குரல். சகாயமேரி உள்ளே கூட்டிவந்து நாற்காலி போட்டாள். வந்தவள் உட்காரவில்லை. மடித்து வைத்திருந்த நம் பேப்பரை மேஜைமேல் விரித்தாள்.

"இது யாருன்னு தெரியுதா சார்?"

பேப்பரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். அதே அகலமான நெற்றி, அதே சிரித்த வாய். இப்போது சிரிப்பு மட்டும் இல்லை.

பெயர் நாகஜோதி. அந்த மகளிர் குழுவின் தலைவி. ராமுத்தாய்க்கு இரண்டு வீடு தள்ளி வீடு. புருஷன் லாரி டிரைவர், நாசிக்குக்கு லோடு ஏற்றிப் போயிருக்கிறான்.

"ஆபீஸ்ல நடந்த தப்பும்மா. நான் சரியாத்தான் எழுதி அனுப்பினேன்" என்றேன்.

"யாரு செஞ்சா என்ன சார். பஸ்ல ஏறுனா, செத்தவ வந்துட்டா, தள்ளி உக்காருங்கடாங்கறாங்க. அதக்கூட விடுங்க. கள்ளக்காதல்னு பெருசாப் போட்டு அதுக்குக் கீழ என் மூஞ்சி. பேரு வேறன்னா யாரு பாக்குறா? அவரு ஞாயித்துக்கெழம வர்றாரு. அதுக்குள்ள இந்தச் செய்தி என்னப்பத்தி இல்லன்னு போட்டாகணும்."

"போட்ருவோம்மா. வருந்துகிறோம்னு ஒரு அறிவிப்பு..."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். ராமுத்தாயி அப்படிப்பட்டவ இல்ல. குழுவுல கடன் எடுத்துக் குடுன்னு பழனிச்சாமி அவளப் போட்டு அடிச்சான், குடிக்கிறதுக்கு. இது பொம்பளைங்க பணம், தர மாட்டேன்னுட்டா. அதான் நடந்துச்சு. எங்க தீர்மான நோட்டு எழுதுறது அவதான். இருவது குழுவுல இந்த நோட்டுத்தான் சுத்தம்னு பேங்கு மேனேசரே சொல்லிருக்காரு. எங்க போட்டீங்களோ அதே எடத்துல, அதே அளவுல இதையும் போடுங்க. அவ மக நாலாப்பு படிக்குது சார். எழுத்துக் கூட்டி நல்லாப் படிக்கும். நாளைக்கு அது கையில இந்தப் பேப்பர் சிக்குனா என்னா செய்யும்?"

சரி என்றேன். சகாயமேரி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போனாள்.

15.2.2001, வியாழன்

கந்தவேல் சாரிடம் சொன்னேன். பக்கம் போடும் டெஸ்க்கில் கவனக்குறைவு என்று பணிவாகத்தான் ஆரம்பித்தேன்.

"நீங்க ஒட்டின சீட்டு என் முன்னாடிதான் இருக்கு அருளப்பன். முன்வரிசை, இடமிருந்து இரண்டாவது. உங்க கையெழுத்து. படிக்கவா இன்னொரு தடவை?"

வேண்டாம் என்றேன். முதல் பக்கத்தில் மறுப்புப் போட்ட பேப்பரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

பிறகு யோசித்தபோது விளங்கியது. படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுதினால் இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். அவசரத்தில் யாருக்கும் வருகிற பிசகு. இரவு சாப்பாட்டின்போது சகாயமேரிக்கு இதை விளக்கினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எடம் வலம் மாறும், சரிங்க. அந்தப் பிள்ள எந்த வரிசையில நிக்குது?"

"பின்வரிசை."

"பின்வரிசை எப்பிடிங்க முன்வரிசையாகும்?"

ரசத்தில் உப்பில்லை என்றேன்.

16.2.2001, வெள்ளி

கந்தவேல் சார் அவராகவே போன் செய்தார். பதினெட்டு வருடத்தில் இது இரண்டாவது முறையாக இருக்கும்.

"அந்தப் பொண்ணு முதல் பக்கம் கேட்டுச்சுல்ல? தர்றேன். போஸ்டரும் தர்றேன். நம்ம பேப்பரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பெருசாப் போடுவோம்."

உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு என்ன செய்வது என்று இரண்டு நாளாக விழித்துக்கொண்டிருந்தேன். யாஷிகா கேமராவைத் தூக்கிக்கொண்டு வேலாயிபுரம் போனேன். நாகஜோதி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பேப்பரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினாள்.

"ராமுத்தாயி விசயமும் வரும்ல சார்?"

"வரும்மா."

"அப்ப சரி" என்று நெஞ்சுக்கு நேராகப் பேப்பரைப் பிடித்தாள். நல்ல வெளிச்சம். படம் அருமையாக விழுந்திருக்கும் என்று அப்போதே தெரிந்தது.

17.2.2001, சனி

போஸ்டர்: "'கொலையான' பெண் உயிருடன் வந்தார்! ஒட்டன்சத்திரம் அருகே பரபரப்பு".

உள்ளே: "கள்ளக்காதல் விவகாரத்தில் கொல்லப்பட்ட ராமுத்தாயின் நெருங்கிய தோழி நாகஜோதி, நமது நாளிதழைக் கையில் ஏந்தியபடி..." ராமுத்தாயைப் பற்றி அவள் சொன்னது ஒரு வரிகூட இல்லை. டெஸ்க்கில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஏஜெண்டு இருநூறு கூடுதலாகக் கேட்டிருக்கிறார்.

18.2.2001, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி. பன்னிரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது, இரண்டு டிரம்மும் நிரப்பினேன்.

20.2.2001, செவ்வாய்

ஏட்டய்யா டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். பழனிக்குப் போகிற வேன்காரர்கள் கிளைச்சாலையில் வண்டியைத் திருப்பி, செத்துப் பிழைத்தவள் வீடு எது என்று கேட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். ஒரு கூட்டம் வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டதாம். நாகஜோதியின் புருஷன் ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆட்களை விரட்டிவிட்டு, அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டான். இனி குழுவுக்கும் போகக்கூடாது, பேங்குக்கும் போகக்கூடாது. குழுவில் வேறு ஒருத்தியைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் சிரித்திருக்கிறேன் என்று தெரிந்தது. டீ பாதி இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டேன்.

23.2.2001, வெள்ளி

மதுரையிலிருந்து பஸ்ஸில் கவர் வந்தது. குரூப் போட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நாகஜோதி முகத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் பெரிய வட்டம். பின்னால் என் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது.

மேஜை டிராயரில் வைத்தேன். பிறகு பீரோவுக்குள் மாற்றினேன். அங்கேயும் இருக்கவிட மனசில்லை.

25.2.2001, ஞாயிறு

வண்டிக்கு புது பிளக்.

28.2.2001, சாம்பல் புதன்

சகாயமேரி நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தாள். இன்று ஒருசந்தி நோன்பு. கஞ்சியும் துவையலும்தான். எனக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தவக்காலம் ஆரம்பிச்சிருச்சு. ஃபாதர்கிட்ட ஒரு நடை போயிச் சொல்லிட்டு வாங்க."

"எதச் சொல்ல?"

"எனக்கென்ன தெரியும். உங்களுக்குத்தான தெரியும்."

ஃபாதர் நம் பேப்பரின் வாசகர். பாவமன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருந்துகொண்டு, அந்தப் பெண்ணின் படம் நன்றாக வந்திருந்தது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த நோட்டில் இதுவரை எழுதியதையெல்லாம் சாயந்திரம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நிருபர் எழுதிய நாட்குறிப்பு என்பது நன்றாகத் தெரிகிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"சாமர்த்தியமாகப் பேசினேன்" என்று எழுதியிருக்கிறேன். என்ன பேசினேன் என்று எழுதவில்லை. பேப்பர்க்காரன் என்றால் அந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தியிருப்பாள். "தாலுகா ஆபீஸ்ல இருந்து வர்றேம்மா. பேத்தி படிப்புக்கு உதவித்தொகை வரும். படம் வேணும்" என்றேன். பிணம் அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தாள்.

"கோணம் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். போலீஸ் வட்டாரத்தில் கூறப்படுவதாக அச்சானது. எந்த வட்டாரத்திலும் யாரும் கூறவில்லை. கந்தவேல் சார் போனில், "அந்தப் பொம்பளைக்கு வேற தொடுப்பு ஏதும் இருக்குமோ?" என்றார். நான் "இருக்கலாம் சார்" என்றேன். அவ்வளவுதான். ராமுத்தாயைப் பற்றி அதுவரை ஒரு ஆளிடம்கூட நான் விசாரிக்கவில்லை. அந்த அரைமணி நேரமும் பூத்துக்கு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது செய்தியில் டெஸ்க் எதையும் வெட்டவில்லை. நாகஜோதி சொன்ன கடன் விஷயத்தையும், அடித்ததையும், தீர்மான நோட்டையும் மூன்று பாராவாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஃபேக்ஸ் கடை வாசலில் நின்று ஒருமுறை படித்தேன். இதை அனுப்பினால், முதலில் கள்ளக்காதல் என்று எழுதியவன் யார் என்ற கேள்வி வரும். அந்தத் தாளை மட்டும் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பினேன்.

இன்னும் படம் இருக்கிறது.

வெள்ளையம்மாள் காட்டிய முகம் பின்வரிசையில் மூன்றாவது. முன்னால் நிற்கிறவளின் தோள் பாதி மறைத்திருக்கும். ஃபிளாஷ் அடித்த நேரத்தில் கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். அதைப் போட்டால் மூன்று பத்திக்கு வராது, முதல் பக்கத்துக்கே வராது. முன்வரிசையில் ஒருத்தி கண்ணைத் திறந்து, நேராகப் பார்த்து, சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஒரே சேலை. எவள் எவள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நினைத்ததாகக்கூட இல்லை, கை எழுதிவிட்டது என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தின் பின்பக்கம், இடது, வலது எல்லாம் கட்டிய கதை. அந்த அம்மாளின் விரல் நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. அந்த விரல் எந்த முகத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். சீட்டு எழுதும்போதும் தெரியும். கவரை ஒட்டும்போதும் தெரியும்.

நான் நல்லவன் இல்லை என்பது கூடப் பெரிதாக வலிக்கவில்லை. இவ்வளவு அற்பத்துக்காகச் செய்தேன் என்பதுதான் தாங்கவில்லை. முதல் பக்கம். அதுவும் ஒரு நாள். மறுநாள் அதில் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

4.3.2001, ஞாயிறு

பூசை முடிந்ததும் வேலாயிபுரம் போனேன். சிவப்புப் பென்சிலை ரப்பரால் அழித்துப் பார்த்தேன், முழுதும் போகவில்லை. பின்னால் ஒட்டிய சீட்டை மட்டும் உரித்து எடுத்து வைத்துக்கொண்டேன். படத்தையாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நான் யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாசகம் சேர்த்துக்கொண்டு போனேன்.

வெள்ளையம்மாள் முருங்கைக்காய்க் கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தாள். மகள் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாளாம். பேத்தி கௌசல்யா மூலையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாள் எழுந்து பாயை உதறிப் போட்டாள்.

"வாங்கய்யா. தாலுகாபீசு அய்யா இன்னும் காணமேன்னு நேத்துக்கூட நெனச்சேன். பிள்ள படிப்புக்கு வந்துருச்சா?"

"அம்மா, நான் தாலுகாபீஸ் இல்ல. அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். நான் பேப்பர்க்காரன்."

திட்டுவாள், திட்டினால் நல்லது என்று காத்திருந்தேன். படத்தை நீட்டினேன். வாங்கி, முந்தானையால் துடைத்து, பின்வரிசையைத் தடவிப் பார்த்தாள்.

"நாகு படத்தப் போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. இவ எப்பவும் அப்பிடித்தான். எங்க போனாலும் பின்னாடி போயி நின்னுக்கிருவா" என்றாள். பிறகு, "பேப்பர்க்காரருன்னா உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ல?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். ரேஷன் கார்டுக்குள் நான்காக மடித்து வைத்திருந்தது, பன்னிரண்டாம் தேதிப் பேப்பரின் முதல் பக்கம்.

"எம்மகளப்பத்திப் பெருசா வந்துருக்குன்னாங்க. என்னா போட்ருக்குன்னுதான் தெரியல. யார வாசிக்கச் சொன்னாலும், கண்ணாடி எடுத்துட்டு வரல, வேலை கெடக்குங்கறாங்க. நாகு கூட அப்பறம்ங்குறா. இந்தப் பிள்ளைட்ட குடுத்தா, பாத்துட்டு எனக்கு எழுத்துத் தெரியலங்குது. நாலாப்புப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமயாய்யா இருக்கும்?"

கௌசல்யாவைப் பார்த்தேன். அது சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்குத் தெரியும். ஊரே அந்த அம்மாளிடமிருந்து மறைத்து வைத்திருந்ததை அந்தப் பிள்ளையும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க வாசிங்கய்யா."

அந்த நேரத்தில் வாசல் நிலையில் நாகஜோதி வந்து நின்றாள். கையில் மூடிய கிண்ணம். புருஷன் லோடுக்குப் போயிருப்பான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று நின்று பார்த்தாள்.

பேப்பரை விரித்தேன். நான் போனில் சொன்ன வாசகம்தான், ஒரு சொல் மாறாமல் அச்சாகியிருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் எழுதியதை நான் வாய்விட்டுப் படித்ததில்லை என்று அப்போது தோன்றியது. முதல் சொல்லைப் படிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வராது.

ஃபேக்ஸ் கடையில் மடித்து வைத்த தாள் நினைவுக்கு வந்தது. பேப்பரில் கண்ணை வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

"ஒட்டன்சத்திரம் அருகே வேலாயிபுரத்தைச் சேர்ந்தவர் ராமுத்தாய். மகளிர் குழுவின் தீர்மான நோட்டை இவர்தான் எழுதிவந்தார். இருபது குழுக்களில் இவர் எழுதிய நோட்டே சுத்தமானது என்று வங்கி மேலாளர் பாராட்டியிருக்கிறார். குடிப்பதற்காகக் குழுவில் கடன் எடுத்துத் தரும்படி கணவன் அடித்துத் துன்புறுத்தியும், இது பெண்களின் பணம், தர மாட்டேன் என்று உறுதியாக மறுத்துவிட்டார். அதற்காகவே கொலை செய்யப்பட்டார். இவர்மேல் ஒரு குறை சொல்ல ஊரில் ஆள் இல்லை."

வெள்ளையம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாம் தடவை அவளும் கூடவே முணுமுணுத்தாள். கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"நல்லா எழுதிருக்கீங்கய்யா. பொய் சொல்லிப் படம் வாங்குனாலும் எம்மகளப்பத்தி உள்ளத எழுதிருக்கீங்க. நல்லாருங்க."

பேப்பரை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள். என்னால் அதைக் கேட்டு வாங்க முடியவில்லை.

வண்டியை எடுக்கும்போது நாகஜோதி பின்னால் வந்தாள். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"இவ்வளவு அழகா எழுதத் தெரியுதுல்ல சார் உங்களுக்கு."

கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள்.

9.3.2001, வெள்ளி

மதுரைக்கு நேரில் போனேன். அந்த மூன்று பாராவையும், நான் செய்தது இன்னது என்று ஒரு கடிதத்தையும் கந்தவேல் சார் மேஜையில் வைத்தேன். சீட்டோடு வைத்தேன். படித்தார். கடிதத்தை மட்டும் எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார்.

"மாசம் ஒண்ணு ஆகப்போகுது. இதுல என்ன செய்தி இருக்கு அருளப்பன்?"

நிருபர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இரவு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. சகாயமேரியிடம் சொன்னேன்.

18.3.2001, ஞாயிறு

தெரிந்த அச்சகத்தில் அந்த மூன்று பாராவையும் பேப்பர் எழுத்திலேயே கோத்து, செய்தித்தாள் காகிதத்தில் அடித்து வாங்கினேன். அம்மாளிடம் உள்ள பக்கத்தை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு வித்தியாசம் தெரியாது. பிள்ளைக்கும் மறைக்க வேண்டிய பாரம் குறையும். இன்னொரு பொய்தான். ஆனால் இதில் உள்ள எழுத்தாவது பொய் இல்லை.

வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே சத்தம் கேட்டது. கௌசல்யா வாசித்துக்கொண்டிருந்தது. சுற்றி நாலைந்து பெண்கள், குழுவில் உள்ளவர்கள். நாகஜோதியும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளையம்மாள் என்னைக் கையமர்த்தி உட்காரச் சொன்னாள்.

"இருங்கய்யா, முடிச்சுரட்டும். நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து பிள்ளைக்கு எழுத்துத் தெரிஞ்சிருச்சு. தெனமும் வாசிச்சுக் காட்டுது."

பிள்ளையின் மடியில் பன்னிரண்டாம் தேதிப் பேப்பர் விரிந்திருந்தது. சுட்டு விரலை வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் நகர்த்திக்கொண்டு, எழுத்துக்கூட்டுவதுபோல அங்கங்கே நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற குரலில் படித்தது.

"மகளிர் குழுவின்... தீர்மான நோட்டை... இவர்தான் எழுதிவந்தார்..."

விரல் கள்ளக்காதல் என்ற சொல்லின் மேல் இருந்தது.

"இருபது குழுக்களில்... இவர் எழுதிய நோட்டே... சுத்தமானது..."

நான் போனில் சொன்ன ஒவ்வொரு வரியின் மேலும் அந்த விரல் போனது. எதையும் தாண்டவில்லை. ஆனால் வாயில் வந்தது நான் அன்றைக்கு வாசித்துக் காட்டியது, ஒரு சொல்லும் மாறவில்லை. பெண்கள் யாரும் பேப்பரை எட்டிப் பார்க்கவில்லை. கடைசி வரி வந்ததும் விரலும் கடைசி வரிக்கு வந்து நின்றது.

பேப்பரைப் பழைய மடிப்பில் மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துவிட்டு, பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"சரியா வாசிச்சேனா சார்?"